இலவச பார்க்கிங்கும் பாவு நீட்டும் தெருவும்

பார்க்கிங் பற்றி எழுநூறு பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் என்றால் முதலில் சிரிப்புதான் வரும். டொனால்ட் ஷூப் 2005இல் எழுதிய 'தி ஹை காஸ்ட் ஆஃப் ஃப்ரீ பார்க்கிங்' அப்படிப்பட்ட புத்தகம். படிச்சு முடிச்சா சிரிப்பு போயிடும். இந்த விஷயத்தில் இதைவிட முக்கியமான புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டு மாதிரி ஒரு நெசவு ஊரை மனசுல வச்சுக்கிட்டு வாசித்தால், அதன் பாதி மட்டும்தான் நமக்கு உதவும். எந்தப் பாதி என்பதுதான் இந்தக் குறிப்பு.

ஷூப்பின் வாதம் எளிமையானது. இலவச பார்க்கிங் என்று ஒன்று கிடையாது. யாரோ ஒருவர் அதற்குக் காசு கொடுத்துக்கொண்டே இருக்கிறார், பெரும்பாலும் கார் இல்லாதவரும் சேர்த்துக் கொடுக்கிறார். அவர் சொல்லும் தீர்வு மூன்று: கட்டடங்களுக்கு இத்தனை கார் இடம் கட்டாயம் என்ற விதியை எடு, எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும் அளவுக்குத் தெருவோரத்துக்கு விலை வை, வரும் பணத்தை அந்தத் தெருவுக்கே செலவழி. கலிஃபோர்னியாவின் பழைய பாசடீனாவில் 1993இல் மீட்டர் வைத்து, அந்தப் பணத்தில் நடைபாதையும் விளக்கும் போட்டார்கள். கடைத்தெரு மறுபடி உயிர் பெற்றது.

இப்போது நம்ம தெருவுக்கு வருவோம். பட்டு நெசவில் சேலையின் நீளவாக்கில் ஓடும் இழைதான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் அதை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழைகளை முடிந்து, சுற்றி எடுக்க வேண்டும். ஒரு சேலைக்கு ஆறு மீட்டர் என்று வைத்தாலே மூணு சேலைப் பாவு பதினெட்டு மீட்டர். அவ்வளவு நீளம் எந்த வீட்டுக்குள்ளும் இல்லை. அதனால் வெயில் ஏறுவதற்கு முன்னால் தெருவில் நீட்டுகிறார்கள். அந்த வரிசையில் ஒரு கார் நின்றால் போச்சு. நாலு மீட்டருக்குள் அடங்கினால் நம்ம ஊரில் அது 'சின்ன கார்'. பாவுக்கு அது சின்னது இல்லை. நாலு மீட்டரை மட்டும் விட்டுவிட்டுப் பாவை நீட்ட முடியாது.

"தெருவை அடைச்சுப் பாவு போடுறதும் ஆக்கிரமிப்புதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா பாவு வெயில் ஏறுவதற்குள் சுருண்டுவிடும், தெரு திரும்பக் கிடைக்கும். கார் ராத்திரி முழுக்க நிற்கும், காரணம் சொல்லாது.

ஷூப்பின் முதல் பாதி இங்கே அச்சாகப் பொருந்துகிறது. காரின் இலவச இடத்துக்கான விலையை நெசவாளி ஒரு காலை வேலையாகக் கட்டுகிறார்.

இடறுவது இரண்டாம் பாதி. விலை என்ற கருவி, வாங்குபவர்கள் எல்லாரும் ஒரே தரையில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறது. நெசவுத் தெருவில் கார் வைத்திருப்பவர் பல நேரம் நூல் கொடுத்துக் கூலி தரும் முதலாளியாகவே இருப்பார். "அண்ணே, காலைல பாவு இருக்கு, வண்டிய கொஞ்சம் தள்ளிப் போடுறீங்களா?" என்று அவரிடம் கேட்க எத்தனை பேரால் முடியும்? இதில் மாதக் கட்டணமும் வைத்தால், இன்று கொஞ்சம் கூச்சத்தோடு நிற்கிற கார், நாளைக்கு "காசு கட்டியிருக்கேன்ல" என்று நிற்கும். நேரத்துக்கு ஏற்ப விலை மாறலாம் என்று ஷூப்பே சொல்கிறார், உண்மைதான். ஆனால் அவர் கணக்கில் போட்டி ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் நடுவில். தெருவில் வேலை பார்க்கிற மனுசன் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், நம்ம சட்டத்தின் பார்வை இன்னும் அகலம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆவது பிரிவு, பொது இடத்தைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கு ஆபத்தோ தடையோ வீண் தொந்தரவோ வரும்படி வண்டியை விடக்கூடாது என்கிறது. 'மற்ற ஓட்டுநர்களுக்கு' என்று அது சுருக்கவில்லை. ஆனால் 127ஆவது பிரிவில் வண்டியை இழுத்துப் போக, அது பார்க்கிங் தடை செய்த இடமாக இருக்கணும், இல்லையென்றால் ஆளில்லாமல் பத்து மணி நேரம் நின்றிருக்கணும், அதுவும் இல்லையென்றால் போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இருக்கணும். ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திய கார் காலை ஆறு மணிக்கு எட்டு மணி நேரக் கணக்கில்தான் இருக்கும். பாவு நீட்டுகிற நேரத்தை அது தாண்டி வருவதே இல்லை.

ஜப்பான் 1962லேயே வேறு வழி கண்டது. கார் பதிவு செய்யணும்னா நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்று காட்ட வேண்டும். நல்ல விதி, ஆனால் ஏற்கனவே வாங்கிய காருக்கு அது பதில் இல்லை.

நெசவுத் தெருவுக்கு வேண்டியது விலைப் பலகை இல்லை, நேரப் பலகை. விடியற்காலையிலிருந்து இத்தனை மணி வரை இந்தப் பக்கம் வண்டி கூடாது என்று ஊராட்சி பெயரில் ஒரு பலகை. தெருக்காரர்கள் சேர்ந்து தீர்மானித்து, முறையான அறிவிப்போடு வைத்தால் அது தடை செய்த இடமாகிவிடும், பத்து மணி நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. முதலாளியின் வீட்டுக் கதவைத் தட்டி அந்தக் கேள்வியைக் கேட்கும் பாரம் தனி ஒரு நெசவாளியின் தலையில் விழாது. பலகை கேட்டுக்கொள்ளும்.