அபசுரம் கேட்ட காதுகள்

‘அப்ஸர்ட்’ என்ற சொல்லை ‘அபத்தம்’ என்று தமிழாக்கியதில் நமக்கு ஒரு நஷ்டம் நேர்ந்திருக்கிறது. அபத்தம் நம்மிடையே வசவுச் சொல். ‘அபத்தமாப் பேசாதே’ என்று வாயை அடைக்கவே அது பயன்படுகிறது. அதனால் ‘அபத்த நாடகம்’ என்றதும், தலையும் வாலும் இல்லாத எதையோ மேதாவிகள் எழுதி வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அச்சொல்லின் லத்தீன் மூலமோ சுருதி விலகிய ஒலியைக் குறிப்பது. அபசுரம் என்பதே அதற்குப் பொருத்தம். ஈழத்தில் நா. சுந்தரலிங்கம் தம் நாடகம் ஒன்றுக்கு ‘அபசுரம்’ என்றே பெயர் வைத்தார். சுருதி தெரிந்த காதுக்குத்தான் அபசுரம் வலிக்கும். இந்த நாடகங்களை எழுதியவர்களுக்கு அப்படி வலித்தது.

பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு 1942-இல் ‘சிசிபஸின் தொன்மம்’ நூலில் பேசிய அபத்தம் என்ற கருத்தைப் பற்றிக்கொண்டு, இவ்வகை நாடகங்களுக்கு 1961-இல் பெயர் சூட்டியவர் விமர்சகர் மார்ட்டின் எஸ்லின். அவரே நாஜிகளுக்குத் தப்பி வியன்னாவிலிருந்து ஓடிவந்தவர். அவர் ஒரே கூரையின்கீழ் நிறுத்தியவர்களில் பெக்கெட் அயர்லாந்துக்காரர், அயனெஸ்கோ ருமேனியாவில் பிறந்தவர், அதமோவ் ரஷ்ய மண்ணில் பிறந்த ஆர்மீனியர். ஜெனே பிரெஞ்சுக்காரர்தான், ஆனால் தாயால் கைவிடப்பட்டு, பின்னாளில் பலமுறை சிறை சென்றவர். இவர்கள் கூடிப் பேசி இயக்கம் எதையும் தொடங்கவில்லை. வீடிழந்தவர்கள் என்பதே இவர்களுக்குள் நான் காணும் உறவு.

அயனெஸ்கோ ஆங்கிலம் கற்கப் பாடப்புத்தகம் ஒன்றை எடுத்தார். கூரை மேலே இருக்கிறது, தரை கீழே இருக்கிறது என்ற ரகத்து வாக்கியங்கள். எல்லாம் உண்மை, ஆனால் எந்த மனிதனும் இன்னொருவனிடம் சொல்ல அவசியமில்லாத உண்மை. அதிலிருந்து பிறந்தது ‘வழுக்கைத் தலைப் பாடகி’. ஒத்திகையில் நடிகர் ஒருவர் வாய்தவறிச் சொன்னதே தலைப்பாகிவிட்டது. 1950-இல் பாரிஸில் அரங்கேறியபோது வந்தவர்கள் சொற்பம். ஆனால் 1957 முதல் அதே நகரின் சின்னஞ்சிறு ஊஷெத் அரங்கில் அது தொடர்ந்து நடந்துவருகிறது.

எனக்கு அதைவிடப் பெரிய படைப்பு ‘நாற்காலிகள்’ (1952). கடல் சூழ்ந்த வீட்டில் ஒரு கிழவனும் கிழவியும். வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த செய்தியை உலகுக்குச் சொல்ல விருந்தினரை அழைத்திருக்கிறார்கள். மணி அடிக்கிறது, கதவு திறக்கிறது, யாரும் தெரியவில்லை. கிழவி ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவருகிறாள். மறுபடி மணி, மறுபடி நாற்காலி. போகப்போக அவளுக்கு மூச்சு வாங்குகிறது, மேடையில் கால்வைக்க இடமில்லை. வெற்று நாற்காலிகளுக்கு நடுவே இருவரும் பிரிந்து, ஒருவரையொருவர் எட்ட முடியாமல் தவிக்கிறார்கள். செய்தியைச் சொல்ல வந்த பேச்சாளனோ செவிட்டூமை. நல்ல கையில் இந்த நாடகம் தாங்க முடியாத துக்கம்.

‘காண்டாமிருகம்’ (1959) இன்னும் வெளிப்படையானது. ஊர் மக்கள் ஒவ்வொருவராக மிருகமாகிறார்கள். முப்பதுகளில் ருமேனியப் பாசிசத்துக்குள் தம் நண்பர்கள் ஒவ்வொருவராக நழுவியதை அயனெஸ்கோ கண்ணால் பார்த்தவர்.

பெக்கெட்டுக்கு வருவோம். நாஜி ஆக்கிரமிப்பின்போது எதிர்ப்பியக்கத்தில் வேலை செய்தவர், 1942-இல் குழு காட்டிக்கொடுக்கப்பட்டதும் பாரிஸிலிருந்து தப்பித் தென் பிரான்சின் ரூசியோன் கிராமத்தில் ஒளிந்திருந்தார். உணவுக்காகத் தோட்ட வேலை, போர் எப்போது முடியும் என்ற காத்திருப்பு. ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தின் பிரெஞ்சு மூலத்தில் அந்த ஊரின் பெயரே வருகிறது. வராத கோடோவுக்காகக் காத்திருக்கும் இருவரில் ஒருவன் பசிக்கிறது என்கிறான். மற்றவன் சட்டைப்பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தது டர்னிப். இவன் கேட்டது கேரட். மறுபடி துழாவிக் கடைசிக் கேரட்டைக் கொடுக்கிறான். மறுநாள் அதுவும் இல்லை. தத்துவம் பேசுவோர் இந்தக் கேரட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கோடோ கடவுளா என்று விவாதிப்பதைவிட, பையில் என்ன மிச்சம் என்று பார்ப்பதே இந்த நாடகத்துக்குள் போகும் வழி என்பது என் துணிபு.

1953 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறிய இதை, 1956-இல் மயாமியில் சிரிப்பு நாடகமென்று விளம்பரப்படுத்தினார்கள். பார்வையாளர்களில் பெரும்பகுதியினர் பாதியில் எழுந்துபோனார்கள். மறுவருடம் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் சுமார் 1,400 கைதிகள் முன் நடந்தது. பெண் பாத்திரம் இல்லை என்பதும் இதைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். கைதிகள் கட்டுண்டு பார்த்தார்கள். காத்திருப்பு இன்னதென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பின்வந்தவர்களில் ஆங்கில நாடகாசிரியர் பின்டரின் ‘பிறந்தநாள் விருந்து’ (1958) லண்டனில் ஒரு வாரத்தில் நின்றுபோனது. முன்பின் தெரியாத இருவர் வந்து ஒருவனை அழைத்துப்போகும் கதை. செக் நாடகாசிரியர் ஹாவெலின் ‘தோட்ட விருந்து’ 1963-இல் பிராகில் வந்தது. அலுவலகப் பேச்சைக் கற்றுக்கொண்டு மேலே மேலே போகும் பிள்ளையைக் கடைசியில் பெற்றோருக்கே அடையாளம் தெரியவில்லை. கம்யூனிச ஆட்சியில் வாழ்ந்தவர்களுக்கு அது அன்றாடம். வங்கத்தில் பாதல் சர்க்காரின் ‘ஏவம் இந்திரஜித்’, தமிழில் ந. முத்துசாமியின் ‘நாற்காலிக்காரர்’ ஆகியவை இந்த வடிவத்தைத் தம் மண்ணின் குரலில் பேசவைத்தன. இரண்டுமே தனிக் கட்டுரைக்கு உரியவை.

மீண்டும் கோடோவுக்கே வருகிறேன். 1993-இல் போஸ்னியப் போரில் முற்றுகையிடப்பட்ட சரயேவோவில் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் அதை மேடையேற்றினார். மின்சாரம் இல்லை, மெழுகுவத்தி வெளிச்சம். நடிகர்கள் பசியில் சோர்ந்திருந்தார்கள். முதல் அங்கத்தோடு நிறுத்திக்கொண்டார். கோடோவின் தூதுவன் வந்து, கோடோ இன்று வரமாட்டார், நாளை நிச்சயம் வருவார் என்று சொன்னதும் மேடையில் நீண்ட மௌனம். அந்த மௌனத்தில், தெருவில் ஐ.நா. கவச வண்டி ஒன்று போகும் சத்தமும் மறைந்திருந்து சுடுபவர்களின் துப்பாக்கி ஒலியும் அரங்கில் இருந்த எல்லோருக்கும் கேட்டன.