ஆசைக்கு எத்தனை வேர்? குவென்யாவின் விழைவுச் சொற்கள்

எல்ஃப் மக்களுக்காக ஜே. ஆர். ஆர். டோல்கீன் படைத்த குவென்யா மொழிக்கு அவர் அகராதி அச்சிடவில்லை. 1930களின் பிற்பகுதியில் தம் பயன்பாட்டுக்காக எழுதிவைத்த ‘சொற்பிறப்புகள்’ என்னும் வேர்ப்பட்டியலே ஆய்வாளர்களுக்கு இன்றும் முதல் துணை. அவருடைய மகன் கிறிஸ்டஃபர் அதை 1987இல் ‘தொலைந்த பாதை’ என்ற தொகுதியில் வெளியிட்டார். விடுபட்டவற்றையும் திருத்தங்களையும் ‘வின்யார் தெங்வார்’ ஆய்விதழ் 2003, 2004ஆம் ஆண்டுகளில் தந்தது. இவற்றிலிருந்து ஆசை பற்றிய சொற்களை மட்டும் திரட்டி அடுக்கினால், ஆசை ஒன்றல்ல, பல வேர்களில் முளைப்பது என்று டோல்கீன் எண்ணியது புலப்படும்.

அன்றாட விருப்பத்துக்கு ‘மெர்’ என்ற வேர். இது வேண்டும், அது வேண்டும் என்று சொல்ல அது போதும். ‘இத்’ என்ற வேரிலிருந்து ‘ஈரே’ பிறக்கிறது. விழைவு என்று பொருள். அதன் உடன்பிறப்பான ‘ஈரிமா’ அழகியது, விரும்பத்தக்கது என இரண்டையும் குறிக்கும். இங்கே விழைவைத் தூண்டுவது அழகு. அதில் பழிக்க ஏதுமில்லை.

‘மில்’ என்ற வேரின் குடும்பம் வேறு. ‘மில்மே’ ஆசையும் பேராசையும். ‘மைலே’ காமவெறி. அதே வேரில்தான் ‘மில்யா’, அதாவது ஏங்குதல், இருக்கிறது. ஏக்கத்தைப் பேராசையின் பக்கத்து வீட்டில் குடிவைத்தது கூர்ந்த பார்வை. கைக்கு எட்டாததை நினைத்து உருகுவதும், எட்டியதைப் பற்றிக்கொண்டு விடாதிருப்பதும் அவ்வளவு நெருக்கம். உடல் வேட்கைக்கோ ‘யெர்’ எனத் தனி வேர் உண்டு. 1987 பதிப்பில் இடம்பெறாத இது, 2004இல்தான் வாசகரை அடைந்தது. அதைத் தனியே நிறுத்தியதால் காமம் முழுவதையும் வெறியாக்கும் தவறு நேரவில்லை.

அன்பின் வேர் ‘மெல்’. பட்டியலில் அது நட்பின் அன்பாகவே விளக்கப்படுகிறது. அவருடைய கதையில் மோரியா என்னும் சுரங்க நகரின் கதவைத் திறக்கும் ‘மெல்லோன்’ (நண்பன்), மற்றோர் எல்ஃப் மொழியான சிண்டாரினின் சொல், இந்த வேரிலிருந்தே வந்தது. பெயர்களின் ஈற்றில் வரும் ‘ந்தில்’ இதற்கும் அப்பாற்பட்டது. ஒன்றை அதன் பொருட்டே, பயன் கருதாமல் நேசிப்பவரை அது குறிக்கிறது என்று டோல்கீன் 1967இல் எழுதிய கடிதமொன்றில் விளக்கினார். கடமையாகப் பணிபுரிபவருக்கு ‘ந்துர்’ என்ற வேறு ஈறு.

சிக்கல்களும் உண்டு. ஆசையைக் குறிக்கும் ‘யெஸ்தா’, ஆண்டின் முதல் நாளான ‘யெஸ்தாரே’யில் தொடக்கமாக ஒலிக்கிறது. ஆகவே இன்று குவென்யாவில் எழுதுவோர் சிலர் ஆசைக்கு அதைத் தவிர்க்கிறார்கள். ‘ஈரே’ என்ற ஒலியே டோல்கீன் குவென்யாவில் எழுதிய ‘ஃபீரியெலின் பாடல்’ என்பதில் ‘ஒன்று நிகழும்போது’ என்ற பொருளில் வருகிறது. வேறு வேறு சொற்கள் என்று ஒதுக்கலாம்தான். ஆயினும் காத்திருக்கும் நெஞ்சம் ஓயாமல் நினைப்பது அந்த வேளையைத்தானே! முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் சொற்களை டோல்கீன் திருத்திக்கொண்டே இருந்ததால், ஒரு சொல் எந்தக் காலத்துக் குறிப்பில் வருகிறது என்று பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

இந்த வேர்களின் முழுப் பொருளும் அவருடைய கதையில்தான் விளங்குகிறது. சில்மரில் என்னும் ஒளிமணிகளைச் செய்த எல்ஃபான ஃபேயனோர், அவை தனக்கே உரியவை என்று சூளுரைத்தான். அந்தச் சூளுக்காக இரத்தம் சிந்திய அவனுடைய மூத்த மகன்கள் இருவர் கடைசியில் மணிகளைக் கையில் எடுத்தபோது, அவை அவர்களுடைய கைகளைச் சுட்டன. மூன்றாவது மணியோ கடலோடி எயாரெண்டிலின் நெற்றியில் விண்மீனாயிற்று. அவன் பெயருக்குக் கடலை நேசிப்பவன் என்று பொருள். ‘மில்’லின் கையில் நெருப்பாயிருந்தது, ‘ந்தில்’லிடம் ஊருக்கெல்லாம் ஒளியானது.