கதையும் பொய்யும்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு தொழில் ஆசை உண்டு. தான் எழுதியதை வாசகர்கள் எவ்வளவு தூரம் நம்பினார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கதாநாயகியைச் சாகடித்துவிடாதீர்கள் என்று நாலு பேர் கடிதம் எழுதினால் போதும். ஒரு மாதம் அவன் தலை தரையில் நிற்காது. ஆனால் ஒரு கதையைப் படித்துவிட்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, சுமார் 350 மைல் காரோட்டிப் போய், கதையில் வரும் குழந்தைகளை விடுவிக்கப் பார்த்த வாசகன் ஒருவன் உண்டு. அப்படிப்பட்ட வாசகனை எந்த நாவலாசிரியனும் சம்பாதித்ததாக எனக்குத் தெரியவில்லை. அவனைச் சம்பாதித்த கதை புத்தகமாக வந்தது அல்ல. அமெரிக்காவில், கட்சிச் சார்புள்ள இணையதளங்களில், செய்தி என்ற பெயரில் வந்தது.

இந்தத் தளங்களைப் பற்றி அரசியல் தெரிந்தவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அரசியலும் சட்டமும் அரைகுறை. கதை கொஞ்சம் தெரியும். எதிர்க் கடையில் விற்கிற சரக்கைக் கையில் எடுத்துப் பார்க்கிற கடைக்காரன் மாதிரி, இந்தச் செய்திகளைக் கதைகளாகவே எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் அந்த 350 மைல் கதை. 2016ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. ஹிலாரி கிளின்டனின் பிரசாரத்துக்குத் தலைவராக இருந்த ஜான் பொடஸ்டாவின் மின்னஞ்சல்களை அக்டோபர் மாதம் விக்கிலீக்ஸ் வெளியிடத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான கடிதங்கள். எல்லார் கடிதங்களையும் போல அவற்றிலும் சாப்பாட்டுப் பேச்சு வந்தது. பீட்ஸா என்றும் சீஸ் என்றும் வார்த்தைகள் வந்தன. இவை சாப்பாட்டுச் சாமான்கள் அல்ல, சங்கேத வார்த்தைகள் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். வாஷிங்டனில் காமெட் பிங் பாங் என்று ஒரு பீட்ஸாக் கடை. அந்தக் கடையின் நிலவறையில் குழந்தைகளை அடைத்துவைத்துப் பெரிய மனிதர்கள் அக்கிரமம் செய்கிறார்கள் என்று கதை வளர்ந்தது. சில வாரங்களில் அது எங்கும் பரவிவிட்டது.

டிசம்பர் 4ஆம் தேதி வட கரோலினாவிலிருந்து 28 வயது இளைஞன் ஒருவன் அந்தக் கடைக்கு வந்தான். துப்பாக்கியால் சுட்டான். நல்ல வேளையாக யாருக்கும் காயம் இல்லை. கடை முழுவதும் தேடினான். குழந்தைகள் இல்லை. உண்மையில் அந்தக் கடைக்கு நிலவறையே கிடையாது. ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போலீஸிடம் சரணடைந்தான். தனக்குக் கிடைத்த தகவல் நூற்றுக்கு நூறு சரியாக இல்லை என்று பிறகு ஒரு பத்திரிகை நிருபரிடம் சொன்னான். 2017 ஜூனில் அவனுக்கு நாலு வருஷச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

கதை என்ற முறையில் இதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறது? வாசகனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். அதுதான் முதல் கெட்டிக்காரத்தனம். 'இதோ கடிதங்கள், இதோ வார்த்தைகள், நீயே சேர்த்துப் பார்த்துக்கொள்' என்று விட்டுவிட்டார்கள். மற்றவர் சொன்னதை மனிதன் மறந்துவிடுவான். தானே கண்டுபிடித்ததை விடவே மாட்டான். துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த வித்தை இது. ஆனால் துப்பறியும் கதைக்காரன் ஒரு தர்மத்துக்குக் கட்டுப்பட்டவன். கடைசி அத்தியாயத்தில் முடிச்சை அவிழ்த்துக் காட்டியாக வேண்டும். தவறினால் வாசகன் புத்தகத்தை வீசி எறிவான். இணையதளக் கதையில் கடைசி அத்தியாயமே வருவதில்லை. நிலவறை இல்லையா? அப்படியானால் மூடி மறைத்துவிட்டார்கள். சாட்சி இல்லையா? வாயை அடைத்துவிட்டார்கள். இல்லாததெல்லாம் இருப்பதற்கு அத்தாட்சி ஆகிவிடுகிறது. இப்படி எழுத அனுமதி இருந்தால் எந்தக் கதாசிரியனுக்கும் தொழில் சுலபந்தான்.

அந்த இளைஞனை முட்டாள் என்று சொல்லிவிடுவதும் சுலபம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நாவல் என்கிற கலைக்கே முன்னோடியாகச் சொல்லப்படுகிறவன் இவனைப் போன்ற ஒருவன்தான். ஸ்பெயின் தேசத்துச் செர்வான்டிஸ் எழுதிய டான் குவிக்ஸோட்டின் முதல் பாகம் 1605லும் இரண்டாம் பாகம் 1615லும் வெளிவந்தன. வீரக் கதைகளைப் படித்துப் படித்து அவற்றை நிஜம் என்று நம்பி, ஈட்டியோடு கிளம்பிவிட்ட ஒரு வாசகனின் கதை அது. இரண்டாம் பாகத்தில் ஒரு பொம்மலாட்டம் வரும். ஓடிவரும் காதலர்களை எதிரிகள் துரத்துகிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த டான் குவிக்ஸோட் தாங்க முடியாமல் வாளை உருவிப் பொம்மைகளை வெட்டிச் சாய்க்கிறான். ஆவேசம் அடங்கியதும் உடைந்த பொம்மைகளுக்கு விலை கொடுக்கிறான். நாம் சிரிக்கிறோம், ஆனால் வெறுப்போடு சிரிப்பதில்லை. அவன் நம்பினான், நம்பினபடி நடந்தான், நஷ்டத்தையும் கொடுத்தான்.

பீட்ஸாக் கடைக்குப் போனவனும் நம்பினபடி நடந்தான். குழந்தைகள் அடைபட்டுக் கிடக்கிறார்கள் என்று உண்மையாகவே நினைக்கிறவன் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? என் கேள்வியெல்லாம் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றித்தான். அதே செய்தியை எத்தனையோ பேர் விரல் நுனியால் மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டு, சாப்பிடப் போனார்கள். அவர்கள் அதை நம்பினார்களா? நம்பியிருந்தால் எப்படிச் சாப்பாடு இறங்கியிருக்கும்? நம்பவில்லை என்றால் ஏன் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள்? அவர்கள் அதை ரசித்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். தங்களுக்குப் பிடிக்காத கட்சியைப் பற்றி இப்படி ஒன்று கேட்பது சுகமாக இருந்தது. உண்மையோ பொய்யோ, இருந்தாலும் இருக்கும், நெருப்பில்லாமல் புகையுமா என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. முழுசாக நம்பியவன் ஒருவன். அவன் நேரில் போய்ப் பார்த்துத் தெளிந்தான். பாதி நம்பினவர்களுக்குத் தெளிய வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

நெருப்பில்லாமல் புகையுமா என்ற பழமொழிக்கு இனிமேல் மரியாதை கொடுக்க முடியாது. புகையை மட்டும் தனியாகத் தயாரிக்கத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. மாசிடோனியாவில் — இப்போது வட மாசிடோனியா என்று பெயர் — வெலஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் பீங்கானுக்குப் பேர்போன ஊர். 2016 தேர்தல் சமயத்தில் அந்த ஊர்ப் பையன்கள் டிரம்ப்புக்கு ஆதரவாக நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்கச் 'செய்தி'த் தளங்களை நடத்திக்கொண்டிருந்தார்கள் என்று தெரியவந்தது. அவர்களுக்கு டிரம்ப்பும் வேண்டாம், கிளின்டனும் வேண்டாம். படிக்கிறவர்கள் கூடக் கூட விளம்பரப் பணம் வரும். மற்றக் கட்சிக்காரர்களுக்குப் பிடித்த கதைகளையும் சிலர் எழுதிப் பார்த்தார்கள். டிரம்ப் கதைகள் நன்றாக ஓடின. ஆகவே டிரம்ப் கதைகளை எழுதினார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய அரசியல்.

நம் ஊரில் ஒரு பழைய கதை சொல்வார்கள். ஒருவன் கறுப்பாக வாந்தியெடுத்தான். நாலு வாய் மாறுவதற்குள் காக்காய் காக்காயாக வாந்தியெடுத்தான் என்று ஆகிவிட்டது. அந்தக் கதையில் யாருக்கும் ஒரு காசு லாபம் கிடையாது. நாக்கின் தினவு, அவ்வளவுதான். வெலஸில் காக்காயைக் கணக்குப் போட்டுப் பறக்க விட்டார்கள்.

பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவர்கள் இந்தப் பையன்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வாசகர் எதை விரும்புகிறார் என்று வாராவாரம் தெரிந்துகொண்டு அதையே திருப்பிக் கொடுக்கும் சபலம் எங்கள் தொழிலிலும் உண்டு. வில்லனை இன்னும் கொஞ்சம் கொடியவனாக்கலாம், நாயகியை இன்னும் நாலு வாரம் அழவிடலாம். இதில் கலை சாகும். மனிதர்கள் சாக மாட்டார்கள். முதல் பக்கத்திலேயே நாங்கள் 'தொடர்கதை' என்று போட்டுவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே இருக்கிற சுவர். அது மெல்லிய சுவர்தான். ஆனாலும் சுவர்.

பத்திரிகைகள் எந்தக் காலத்தில் பொய் சொல்லவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1924ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி, இங்கிலாந்தில் பொதுத் தேர்தலுக்கு நாலு நாள் முன்னதாக, ரஷ்யத் தலைவர் ஜினோவியேவ் எழுதியதாக ஒரு கடிதத்தை 'டெய்லி மெயில்' வெளியிட்டது. பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளைக் கலகத்துக்குத் தூண்டும் கடிதம். அது போலி என்பதுதான் சரித்திர ஆசிரியர்களின் பொதுவான முடிவு. தொழிற்கட்சி தோற்றது. ஆகப் பொய் புதிதல்ல. ஆனால் அன்று அதை அச்சடித்தவருக்கு ஒரு விலாசம் இருந்தது. பத்திரிகை ஆபீஸ் வாசலில் போய் நின்று கேட்கலாம். இன்று பொய் பிறந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது பேரன் பேத்தி எடுத்துவிடுகிறது.

இதற்கு அளவும் எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஸ்தாபனத்து ஆராய்ச்சியாளர்கள் மூவர், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளைச் சோதித்து, 2018இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் முடிவை வெளியிட்டார்கள். 1,500 பேரைப் போய்ச் சேர உண்மைக்குப் பொய்யைப்போல ஆறு மடங்கு நேரம் பிடித்தது. பொய்யை வேகமாகப் பரப்பியவை யந்திரங்கள் என்றும் சொல்லிவிட முடியவில்லை. யந்திரங்களைக் கழித்துப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. பொய்யில் புதுமை இருந்தது, ஆச்சரியம் இருந்தது. மனிதர்கள் அதைக் கையோடு அனுப்பினார்கள். கதாசிரியனுக்கு இது அதிசயமே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் கதை ஓடாது என்பது எங்களுக்கு முதல் பாடம்.

இதுவரை சொன்னதையெல்லாம் ஓரளவு வேடிக்கையாகப் பார்க்க முடிகிறது. இனிச் சொல்லப் போவதை அப்படிப் பார்க்க முடியாது.

2012 டிசம்பர் 14. கனெக்டிகட் மாநிலத்தில் நியூடவுன் என்ற ஊர். ஸாண்டி ஹுக் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஒருவன் புகுந்து சுட்டான். 20 குழந்தைகள் இறந்தார்கள். எல்லாருக்கும் ஆறு வயது, ஏழு வயது. பள்ளிக்கூடத்தைச் சேர்ந்த ஆறு பெரியவர்களும் இறந்தார்கள். டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டினிலிருந்து 'இன்ஃபோவார்ஸ்' என்ற தளத்தை நடத்திய அலெக்ஸ் ஜோன்ஸ், இது நடக்கவே இல்லை என்று சொல்லத் தொடங்கினார். ஜனங்களிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்குவதற்காக ஆடிய நாடகம். அழுகிறவர்கள் நடிகர்கள் என்றார். வருஷக்கணக்கில் சொன்னார். அதே தளத்தில் உடம்புக்கு வலுவூட்டும் மாத்திரைகளையும் விற்றுக்கொண்டிருந்தார்.

அதை நம்பினவர்கள் சும்மா இருக்கவில்லை. குழந்தையைப் பறிகொடுத்தவர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. குழந்தை இருந்ததற்கு என்ன ருசு என்று கேட்டார்கள். ஒரு தகப்பனார் பல தடவை வீடு மாற வேண்டியிருந்தது. அவரைக் கொன்றுவிடுவதாக மிரட்டிய ஒரு பெண் 2017இல் சிறைக்குப் போனாள். பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2022 ஆகஸ்டில் ஆஸ்டின் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து, அந்தச் சம்பவம் நூற்றுக்கு நூறு உண்மை என்று ஜோன்ஸே ஒப்புக்கொண்டார். அங்கே ஒரு குழந்தையின் பெற்றோருக்கு 4.93 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று ஜூரிகள் சொன்னார்கள். அக்டோபரில் கனெக்டிகட் ஜூரிகள் 96.5 கோடி டாலர் என்றார்கள்.

தொகை பெரியதுதான். ஆனால் இழவு வீட்டில் அழுகிறவளைப் பார்த்து 'நன்றாக நடிக்கிறாய்' என்று சொன்ன வார்த்தையை எந்தத் தொகை திருப்பி எடுக்கும்?

இதை ஏன் அத்தனை பேர் நம்பினார்கள் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. துப்பாக்கிச் சட்டம் மாறிவிடுமோ என்ற பயம் ஒரு காரணம். அதற்குக் கீழே இன்னொன்றும் இருக்க வேண்டும். உண்மை அவ்வளவு கொடுமையாக இருந்தது. குழந்தைகள் யாரும் சாகவில்லை என்று ஒருவர் அடித்துச் சொல்லும்போது, கேட்கிறவன் நெஞ்சில் ஒரு பாரம் இறங்குகிறது. அழ வேண்டாம், வெட்கப்பட வேண்டாம், கோபப்பட்டால் போதும். அழுவதைவிடக் கோபப்படுவது எவ்வளவோ சுலபம்.

இங்கேதான் கதைக்கும் பொய்க்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. கதாசிரியன், பிறக்கவே பிறக்காத ஒரு குழந்தைக்காக வாசகனைக் கண்ணீர் விடச் செய்ய ராப்பகலாகப் பாடுபடுகிறான். இந்த மனிதர், பிறந்து வளர்ந்து செத்துப்போன குழந்தைகளுக்காகக் கண்ணீர் விடாமல் இருக்க வாசகர்களைப் பழக்கினார். இரண்டும் கற்பனைதான். ஒன்று, முன்பின் தெரியாத மனிதனின் வீட்டுக்குள் நம்மை அழைத்துப் போகிறது. மற்றது, அந்த வீட்டில் மனிதர்களே இல்லை என்று சொல்லி வாசலை அடைக்கிறது.

எந்தச் செய்தி உண்மை, எந்தச் செய்தி பொய் என்று கண்டுபிடிக்க என்னிடம் சூத்திரம் எதுவும் கிடையாது. கதை படிக்கிற பழக்கமுள்ளவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லலாம். நல்ல கதையில் வில்லனுக்கும் ஒரு தாயார் இருப்பாள். அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கும். ஒரு கட்சிக்காரர்கள் எல்லாரும் ராட்சசர்கள், நாம் எல்லாரும் உத்தமர்கள் என்று கதை எழுதினால் நீங்களே சகிக்க மாட்டீர்கள். இது என்ன பொம்மைக் கூத்து என்று கீழே வைத்துவிடுவீர்கள். அந்த ரசனையைச் செய்தி படிக்கும்போதும் கழற்றி வைக்காமல் இருந்தால் போதும். நாம் வெறுக்கிறவர்களைப் பற்றி நாம் ஆசைப்பட்டபடியே ஒரு செய்தி வந்து நிற்கும்போது, அதை அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன்னால், அந்தக் கட்டிடத்தில் நிலவறை இருக்கிறதா என்று யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.