வீட்டுக்காரர் குரலில் பேசிய இடதுசாரிகள்

போன மாசம் தோழர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு பிரிட்டனின் கவுன்சில் வீடுகள் பக்கம் போனது. "தாட்சர் பாதி விலைக்குத் தரேன்னு சொன்னாங்க, ஜனங்க ஏமாந்துட்டாங்க. அவ்வளவுதான் தோழர்" என்றார். நானும் பல வருஷமாக இதையேதான் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் அந்தக் காலத்துச் சட்டத்தையும் தேர்தல் அறிக்கைகளையும் திரும்பப் படித்ததில், இந்த விளக்கம் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதலோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. அதைப் பற்றிய குறிப்பு இது.

முதலில் ஒரு விளக்கம். கவுன்சில் வீடு என்றதும் நம்ம ஊர் ஹவுசிங் போர்டை நினைத்துக்கொள்ளக் கூடாது. வாரியம் கட்டித் தவணையில் விற்கிற வீடுகள்தான் நமக்கு அதிகம் பழக்கம். பிரிட்டனில் உள்ளாட்சி மன்றமே வீட்டுக்காரர். குடியிருப்பவர் கடைசி வரை வாடகைதாரர். 1979 வாக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பம் இப்படிப்பட்ட வீட்டில் இருந்தது. பரம ஏழைகள் மட்டும் அல்ல, நிலையான வேலையில் இருந்த தொழிலாளிக் குடும்பங்களும்தான்.

1980-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் இவர்களுக்கு 'வாங்கும் உரிமை' கொடுத்தது. 3 ஆண்டுகள் குடியிருந்தால் சந்தை விலையில் 33% தள்ளுபடி. அதற்கு மேல் ஒவ்வொரு ஆண்டுக்கும் 1% கூடி, 20 ஆண்டுகளில் 50%. பிறகு அடுக்குமாடி வீடுகளுக்கு 70% வரைக்கும் போனது. அதற்கு முன்பும் கவுன்சில் இஷ்டப்பட்டால் விற்கலாம், சில விற்கவும் செய்தன. 1980-இல் மாறியது என்னவென்றால், இஷ்டம் கவுன்சிலிடமிருந்து குடியிருப்பவர் கைக்குப் போனது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது. நம் ஆட்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கவுன்சில் வாடகைதாரரைக் காரணமில்லாமல் வெளியேற்ற முடியாது என்ற சட்டப் பாதுகாப்பு அதில்தான் முதன்முதலாக வந்தது. அதுவரை, பொது வீட்டில் குடியிருந்தவருக்குச் சட்டப்படி நிரந்தரம் கிடையாது, கவுன்சிலின் நல்ல மனசுதான் பாதுகாப்பு. பல ஊர்களில் வாசற்கதவுக்கு என்ன பெயின்ட் என்பதைக்கூட கவுன்சிலே முடிவு பண்ணியது. இந்த உரிமைகளைத் தரும் மசோதா ஒன்றைத் தொழிற்கட்சி அரசு கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அது 1979-இல், ஆட்சி கவிழ்கிற நேரத்தில். தேர்தலோடு அது காலாவதி ஆனது. அதே உரிமைகளைத் தாட்சர் அரசு எடுத்து, விற்பனைத் திட்டத்தோடு சேர்த்துத் தன் பெயரில் கொடுத்துவிட்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டு தொழிற்கட்சியின் 1983 தேர்தல் அறிக்கையைப் படித்துப் பாருங்கள். கட்டாய விற்பனையை நிறுத்துவோம், விற்ற வீடுகள் மறுவிற்பனைக்கு வந்தால் கவுன்சில் திரும்ப வாங்க அதிகாரம் தருவோம் என்கிறது. கொள்கையாகப் பார்த்தால் தப்பே இல்லை. ஆனால் 'கட்டாயம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கட்டாயம் யாருக்கு? கவுன்சிலுக்கு. குடியிருப்பவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே! அந்த வாக்கியம் வீட்டுக்காரரின் கஷ்டத்தைச் சொல்கிறது. எதிர்ப் பக்கம் 'உரிமை' என்கிறது, இந்தப் பக்கம் 'கையிருப்பு குறைகிறது' என்கிறது. உரிமை என்பது காலங்காலமாக நம்முடைய சொல். அதை அவர்கள் எடுத்துக்கொண்டு, நம்மைக் கணக்குப்பிள்ளை பாஷையில் பேச வைத்துவிட்டார்கள்.

இன்னொரு உதாரணம், குடும்ப வெள்ளிப் பாத்திரங்களை விற்பது என்கிற உவமை. தனியார்மயத்துக்கு எதிராக இடதுசாரிகள் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள். 1985-இல் அந்தப் பேச்சைப் பேசியவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லன். சீமான் வீட்டு உவமை அது. வெள்ளிப் பாத்திரத்தைப் பூட்டி வைக்கிறவர் ஒருவர், துலக்குகிறவர் வேறொருவர். வாடகை கட்டுகிறவர் காதில் இது எப்படி விழுந்திருக்கும்?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். பாதி விலைக்கு வீடு கிடைக்கும்போது எந்த முழக்கம்தான் எடுபடும்? உண்மை. வாங்க முடிந்தவரிடம் 'வாங்காதே' என்று சொல்லி ஜெயித்திருக்க முடியாது என்றுதான் நானும் நினைக்கிறேன். 1983 தோல்விக்கு வீட்டுக் கொள்கை மட்டும் காரணமும் இல்லை. ஆனால் வாங்காதவர்கள், வாங்க வசதியில்லாதவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். வாங்கியவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். விற்ற காசில் புது வீடு கட்டக் கவுன்சில்களை மத்திய அரசு விடவில்லை என்பதுதான் அவர்கள் எல்லாரையும் பாதித்த விஷயம். 1990-களில் விற்பனைப் பணத்தில் முக்கால் பங்கைக் கடனடைக்க ஒதுக்க வேண்டும் என்றே விதி. 1970-களின் நடுவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வீடு கட்டிய கவுன்சில்கள், 1990-களின் கடைசியில் கட்டியது சில நூறு. 'நீங்க வாங்குங்க, உங்க பிள்ளைக்கு ஒரு வீடு கட்டாம விட மாட்டோம்' என்று ஒரு கட்சி சொல்லியிருக்கலாம். தொழிற்கட்சி 1987-க்குள் எதிர்ப்பைக் கைவிட்டு வாங்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது. விற்பனைக்கு ஈடாகக் கட்டவேண்டும் என்ற பாதியை அது ஒரு முழக்கமாக ஆக்கவே இல்லை.

விளைவு தெரிந்ததுதான். இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள் கைமாறின. அப்படி விற்ற அடுக்குமாடி வீடுகளில் 10-க்கு 4 தனியார் வாடகையில் இருப்பதாக 2017-இல் ஒரு கணக்கு வந்தது. சொந்த வீடு என்று தொடங்கியது, வேறொரு வீட்டுக்காரரில் போய் முடிந்தது. ஸ்காட்லாந்து 2016-லும் வேல்ஸ் 2019-லும் இந்த உரிமையை ரத்து செய்துவிட்டன.

இதற்கு எதிர்முனையில் பெர்லினை வைத்துப் பார்க்கலாம். அங்கே விற்றவர்களே இடதுசாரிகள்! 2004-இல் சமூக ஜனநாயகக் கட்சியும் பிடிஎஸ் கட்சியும் சேர்ந்து நடத்திய நகர அரசு, கடன் நெருக்கடியைச் சொல்லி, ஜிஎஸ்டபிள்யூ நிறுவனத்தின் சுமார் 65,000 வீடுகளை 40.5 கோடி யூரோவுக்கு முதலீட்டு நிதிகளிடம் கொடுத்தது. பின்னால் அவை டாய்ச்ச வோனன் என்ற பெருநிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன. 2021 செப்டம்பரில் அந்த நகர மக்கள், 3,000 வீடுகளுக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனங்களைப் பொதுவுடைமை ஆக்கக் கேட்டு வாக்களித்தார்கள். ஆதரவு 59.1%.

அந்த இயக்கத்தின் பேச்சில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்: பழையபடி அரசிடம் கொடு என்று அவர்கள் கேட்கவில்லை. குடியிருப்பவர்களுக்கும் நிர்வாகத்தில் இடம் உள்ள பொது நிறுவனம் வேண்டும் என்றார்கள். ஏனென்றால் விற்றதே அரசுதான் என்பது அவர்களுக்கு மறக்கவில்லை. பேசியவர்களும் வாடகைதாரர்கள், பேசிய விஷயமும் வாடகை. நல்ல பேச்சு மட்டும் போதாது என்பதற்கும் பெர்லினே உதாரணம். அந்த வாக்கெடுப்பு நகர அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அரசு அமைத்த நிபுணர் குழு 2023-இல் இது சட்டத்துக்கு உட்பட்டுச் சாத்தியம் என்று சொன்ன பிறகும் வீடுகள் கைமாறவில்லை.

தோழருக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப விற்றது சரிங்கிறீங்களா?" என்று கேட்டார். இல்லை. விற்றது தப்பு, கட்டாமல் விட்டது அதைவிடத் தப்பு. ஆனால் அதைத் தடுக்க நின்ற நம் ஆட்கள் கையில், குடியிருந்தவருக்குக் கொடுக்க என்ன இருந்தது? 1979 வரைக்கும் வெளியேற்ற மாட்டோம் என்ற ஒரு சட்ட உறுதிகூட இல்லை. அடுத்த முறை 'பொதுச் சொத்தைக் காப்போம்' என்று நோட்டீஸ் எழுதும்போது, அந்தச் சொத்தில் குடியிருக்கிறவர் அதைத் தன்னுடையது என்று நினைக்க நாம் இதுவரை என்ன செய்திருக்கிறோம் என்று ஒரு வரி எழுதிப் பார்க்கலாம். எழுத முடியவில்லை என்றால் நோட்டீஸை அப்புறம் அடிக்கலாம்.