சேர்வராயன் கொல்லையும் நுவரெலியாப் பூங்காவும்

குளிர்காலப் பறவைகளைப் பார்க்க இலங்கையின் நுவரெலியாவுக்குத்தான் போகவேண்டும், ஏற்காட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சில் உண்மையும் இருக்கிறது. இமயத்திலிருந்து வரும் பூங்குருவியையும் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் அங்குள்ள விக்டோரியா பூங்காவில் காணலாம். மஞ்சள்காதுக் கொண்டைக்குருவி அந்தத் தீவுக்கே உரியது. இலங்கைப் பறவைக் கழகம் 1943 முதல் இயங்கி வருகிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையும் யாரும் பாராத இடமன்று. கிழக்குத் தொடர்ச்சி மலைகளைப் பற்றி 1930களில் வெளிவந்த வெர்னே பறவை ஆய்வுக் கட்டுரைகளில் அதன் பறவைகள் இடம்பெற்றன. ஆனால் அரிய பறவையைத் தேடிப்போய்ப் பட்டியலில் சேர்ப்பது ஒரு பழக்கம். கொல்லையில் நின்று, அன்றைய வானத்தோடு சேர்த்துப் பறவையை அறிவது வேறொரு பழக்கம். இரண்டாவதே ஆழமானது, அதற்குச் சேர்வராயனின் மாரமங்கலம் போன்ற மலையூர்களே ஏற்றவை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில், காலை மூடுபனியில் காப்பிக்கு நிழல்தரும் சில்வர் ஓக் மரங்களின் உச்சி தெரியாது. அப்போது செம்மீசைக் கொண்டைக்குருவியையும் பச்சைக் கதிர்க்குருவியையும் குரலால்தான் அறியவேண்டும். வெயில் ஏறிப் பூச்சிகள் பறக்கத் தொடங்கியபின் சாம்பல் கரிச்சான் உச்சிக்கிளையில் அமர்ந்து வேட்டையாடும். வெயில் பூச்சியை எழுப்புகிறது, பூச்சி பறவையை வரவழைக்கிறது. 1,868 மீட்டர் உயரத்தில், தை மாசியில் உறைபனி படியும் நுவரெலியாவிலும் இதே விதிதான். ஆனால் சில மணி நேரத்தில் பூங்காவைச் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணிக்கு ஒரு நாளின் முழுப்போக்கு பிடிபடாது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் லயக் குடியிருப்பில் நின்று பார்க்கும் மலையகத் தமிழருக்கும் இந்த அறிவு இருக்காதா என்று கேட்கலாம். நிச்சயம் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் சேலம், திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்து போனவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். நம் செம்போத்து ஈழத்தில் செண்பகம், தவிட்டுக்குருவி அங்கே புலுனி. பெயர் மாறினாலும் பார்க்கும் கண் ஒன்றே. ஆனால் இக்கரையில் நமக்குக் கிடைக்கும் பறவை நூல்களில் அந்தத் தோட்டத்து மக்களின் குரல் இல்லை. பூங்காவையும் பயணிகளையுமே காணமுடிகிறது. எனவே இந்த ஒப்பீடு பூங்காவோடுதான், அந்த மக்களோடு அன்று.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு, இருந்த இடத்திலேயே 15 நிமிடம் பார்த்தாலும் போதும் என்கிறது. இது கொல்லைக்குக் கிடைத்த நல்ல மதிப்பு. பறவையின் பெயருக்குப் பக்கத்தில் அந்நேரத்துப் பனியையும் வெயிலையும் மலைக்காரர்கள் எழுதி வைத்தால், ஏற்காட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பேடே பதில் சொல்லும்.