நாற்பத்தைந்து பெருக்கல் நூறு

இன்டெலின் 2500கே சிப்பை 4.5 கிகாஹெர்ட்ஸில், 1.3 வோல்டுக்குக் கீழே நிறுத்திக் காட்டுகிறவர்தான் என் கணக்கில் தேர்ந்த கைக்காரர். 5-ஐத் தொட்டுவிட்டேன் என்று திரையைப் படமெடுத்து வைத்திருப்பவர்கள் ஏராளம். அந்த 5-க்காக 1.45, 1.5 என்று வோல்டேஜை வாரி இறைத்திருப்பார்கள். சோதனைக்கு ப்ரைம்95-ஐ ஓடவிட்டால் கால் மணி நேரம் தாங்காது. வேகத்தை யார் வேண்டுமானாலும் கூட்டலாம். அதை எவ்வளவு சிக்கனமாகக் கூட்டினோம் என்பதில்தான் ருசி.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிர்வெண் ஏறினால் மின்செலவு அதே விகிதத்தில் ஏறும். வோல்டேஜ் ஏறினால் அதன் வர்க்கத்தில் ஏறும். 1.2-லிருந்து 1.4-க்குப் போனவர், வேகத்தை ஒரு துளி கூட்டாமலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் சூட்டை வாங்கிக்கொள்கிறார். சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறையில் விளையாட உட்காருகிறவருக்கு இது ஏட்டுக் கணக்கு இல்லை. 22 டிகிரி அறையில் எடுத்த அளவுகளைப் பார்த்துக் கூலர் வாங்குகிறோம். நம் அறையோ 36. அந்த 14 டிகிரியும் அப்படியே கோரின் தலையில் ஏறும். எத்தனை பெரிய கூலரானாலும் அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்கிவிடாது. 4.5-லிருந்து 4.8-க்குப் போனால் கிடைப்பது ஏழு சதவீதம்கூட இல்லை. அதற்கு அந்தச் சிப் கேட்கிற வோல்டேஜோ கொள்ளை.

2011 ஜனவரியில் 216 டாலருக்கு வந்தது 2500கே. பெட்டியில் 3.3 என்று போட்டிருந்தது. நான்கு கோரும் சேர்ந்து உழைக்கும்போது டர்போ 3.4-ஐத் தாண்டாது. அதே சிப் சுமாரான ஒரு டவர் கூலரோடு 4.5-க்கு ஏறி நாள் முழுக்க நின்றது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்தைத் தயாரித்தவர்களே தொடாமல் விட்டு, வாங்குகிறவர் கையில் கொடுத்திருந்தார்கள். மூடிக்கு அடியில் சால்டர் வைத்திருந்ததால் சூடு தயங்காமல் மேலே வந்தது. அந்தத் தாராளம் அதற்குப் பிறகு எந்த நடுத்தர விலைச் சிப்பிலும் அதே அளவில் எனக்குத் தென்படவில்லை.

செலரான் 300ஏ-வைச் சொல்லாமல் விட்டால் மூத்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். நியாயமான கோபம். 1998-இல் 66-லிருந்த பஸ்ஸை 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடியது. பல மடங்கு விலை விற்ற பென்டியம் 2-இன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. முழு வேகத்தில் ஓடும் 128 கிலோபைட் கேஷ்தான் அதன் பலம். ஆனால் அதில் கைவேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஓர் எண்ணை மாற்றினால் ஓடும், அல்லது ஓடாது. அது லாபம் கொடுத்த சிப். 2500கே பழகப் பழகப் பிடிபட்ட சிப்.

2500கே-யின் தலைமுறையான சாண்டி பிரிட்ஜில் எல்லா பஸ்ஸையும் ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தோடு கட்டிப்போட்டுவிட்டதால் 105-ஐத் தாண்டுவதே பெரும்பாடு, கலையே செத்துவிட்டது என்று பலர் புலம்பினார்கள். பஸ்ஸை 333, 400 என்று ஏற்றி, நார்த்பிரிட்ஜுக்கு வோல்டேஜ் கொடுத்து, ரேம் விகிதத்தைச் சரிசெய்து பழைய கியூ6600 சிப்பை ஓட்டியவர்களுக்கு வெறும் மல்டிப்ளையரை மாற்றுவது சப்பென்று இருந்திருக்கும். எனக்கு நேர்மாறாகப் பட்டது. சுற்றிலும் இருந்த இரைச்சல் போய், சிப்பும் அதன் வோல்டேஜும் மட்டும் எதிரே நின்றன.

வோல்டேஜ் என்ற அந்த ஒரே எண்ணுக்குள் எவ்வளவு ஆழம்! மேனுவலில் 1.3 என்று போட்டுவிட்டுப் போகிறவர், சும்மா இருக்கும்போதும் 1.3-ஐக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சிப் தானே கேட்கும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற ஆஃப்செட்டில் வைத்தால், வேலை இல்லாதபோது சிப் 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கி, 1 வோல்டுக்கும் கீழே போய் ஓய்வெடுக்கும். விளையாட்டு தொடங்கியதும் 4.5-க்குத் தாவும். வித்தை அந்தத் தாவலில்தான். சுமை விழும் கணத்தில் வோல்டேஜ் சரியும். சரிவைத் தடுக்க லோட்லைன் காலிபிரேஷன். அதை உச்சத்தில் வைத்தால் கோடு நேராக நிற்கிறது என்று பலருக்கு மகிழ்ச்சி. ஆனால் சுமை விலகும் நொடியில் வோல்டேஜ் மேலே துள்ளுவதை பயாஸ் காட்டாது, மானிட்டரிங் மென்பொருளும் பிடிக்காது. நடுநிலையில் வைத்து, கொஞ்சம் சரியவிட்டு, அந்தச் சரிவையும் கணக்கில் சேர்த்து ஆஃப்செட்டை நிர்ணயிப்பதே நல்ல கைக்கு அழகு.

இன்னொரு நுட்பம் உண்டு. இரவு முழுக்க ப்ரைம்95-ஐத் தாங்கிய சிப், காலையில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நீலத்திரையில் விழும். ஆஃப்செட்டை அதிகமாகக் குறைத்ததில், அடிமட்டத்து வோல்டேஜ் போதாமல் போயிருக்கும். நீலத்திரையில் 101 என்ற பிழைக்குறியீடு வந்தால் கோர் வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டு என்பது அன்று வாய்வழியாக வந்த பாடம். பாரத்தில் நிற்பதோடு ஓய்விலும் நின்றால்தான் பதம் சரி.

அதே தலைமுறையின் 2600கே-யை வாங்கிய ஆட்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு. 317 டாலர் கொடுத்து எட்டு த்ரெட் வாங்கினார்கள். 2016 வாக்கில் பேட்டில்ஃபீல்டு 1 மாதிரி விளையாட்டுகளில் நான்கு த்ரெட் மூச்சு வாங்கியபோது அவர்கள் வாங்கியதற்குப் பலன் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் 2011-இன் விளையாட்டுகளை நினைத்துப் பாருங்கள். ஸ்டார்கிராஃப்ட் 2-இல் இரண்டு பெரும் படை மோதும்போது எஃப்.பி.எஸ். அதலபாதாளத்துக்குப் போகும், இரண்டு கோருக்கு மேல் அதற்குப் பிரயோசனமே கிடையாது. ஸ்கைரிம் வெளிவந்த புதிதில் ஊருக்குள் நுழைந்தால் இதே கதை. அங்கே காப்பாற்றியது கிகாஹெர்ட்ஸ். மிச்சமான 100 டாலரை கிராஃபிக்ஸ் கார்டில் போட்டவர் புத்திசாலி.

சென்னை ரிச்சி தெருவில் அந்தக் காலத்துச் சில கடைக்காரர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. 2011 ஜனவரி கடைசியில் பி67 சிப்செட்டின் சாட்டா கோளாறை இன்டெல்லே ஒப்புக்கொண்டு திரும்பப் பெற்ற பிறகு, “பி3 வந்ததும் வாங்க சார், இப்ப வேணாம்” என்று, திருத்திய பதிப்புக்குக் காத்திருக்கச் சொல்லி, சரக்கைக் கையில் வைத்துக்கொண்டே திருப்பி அனுப்பியவர் ஒருவர் இருந்தார். மூடியில் மலேசியா என்று இருக்கிறதா, கோஸ்டாரிகா என்று இருக்கிறதா, எந்த வாரத்து பேட்ச் என்று பெட்டியின் ஜன்னல் வழியாகப் பார்த்து வாங்கவும் விடுவார்கள். இன்று மதர்போர்டு கேட்டால் முதலில் காட்டுவது விளக்கு எத்தனை நிறத்தில் எரிகிறது என்பதைத்தான். சிப்புக்கு வோல்டேஜ் கொடுக்கும் வி.ஆர்.எம். பற்றிக் கேட்டால் விலைச்சீட்டைப் பார்க்கிறார்கள்.

சரிவு அடுத்த ஆண்டே தொடங்கிவிட்டது. 2012-இல் அடுத்த தலைமுறையான ஐவி பிரிட்ஜில் சால்டரை எடுத்துவிட்டுப் பேஸ்ட் வைத்தார்கள். புத்தம் புதுச் சிப்பின் மூடியைப் பிளேடால் அறுத்துத் திறக்கிற நிலைமைக்கு வாங்கியவர்களைத் தள்ளியது அந்தச் சிக்கனம். 2018-இல் 9900கே-யோடு சால்டர் திரும்பி வந்தபோது தொழிற்சாலையின் போக்கே மாறிவிட்டிருந்தது. விளிம்பு வரை அவர்களே ஓட்டி விற்கத் தொடங்கியிருந்தார்கள். 14900கே பெட்டியிலிருந்து எடுத்தபடியே 6 கிகாஹெர்ட்ஸ், 253 வாட். அந்தத் தலைமுறைச் சிப்புகள் அதிக வோல்டேஜில் தேய்ந்து நிலைகுலைவதை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு திருத்தமும் இரண்டு ஆண்டு கூடுதல் வாரண்டியும் கொடுத்தது. நம் கைக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தையும் அவர்களே எடுத்துக்கொண்டதன் விளைவு என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

இப்போது விளையாட்டுக்கு என்று கேட்கிறவருக்கு ஏஎம்டியின் எக்ஸ்3டி சிப்புகளைத்தான் சொல்கிறேன். 2022-இல் 5800எக்ஸ்3டி 96 மெகாபைட் கேஷோடு வந்து, அதிர்வெண்ணில் தன்னைவிட வேகமான சிப்புகளை விளையாட்டில் முந்தியது. ஆனால் மல்டிப்ளையருக்குப் பூட்டு. மரியாதை வந்தது, பிரியம் வரவில்லை. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் கேஷைக் கோர்களுக்கு அடியில் கொண்டுபோனார்கள். சூடு நேராக மேலே வருகிறது, பூட்டும் இல்லை. அதில் 5.2-க்கு மேல் துரத்துவதை நான் சிபாரிசு செய்வதில்லை. கர்வ் ஆப்டிமைசரில் வோல்டேஜை இறக்குவதுதான் பழைய ருசி மிச்சமிருக்கும் இடம். அதைக்கூட எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 என்று ஒரே எண்ணைப் போட்டு, பத்து நிமிடம் சினிபெஞ்ச் ஓட்டி, முடிந்தது என்கிறார்கள். ஒவ்வொரு கோருக்கும் தாங்கும் அளவு வேறு. தொழிற்சாலையிலேயே சிறந்தது என்று குறித்த கோர்தான் பெரும்பாலும் குறைவாகத் தாங்கும். கோர்சைக்ளரைப் போட்டு ஒவ்வொன்றாக ஓட்டி, இறக்கி, மறுபடி ஓட்டிப் பார்க்க ஒரு வாரம் ஆகும். ஆகட்டும். வாங்கிய சிப்போடு ஐந்தாறு வருடம் இருக்கப்போகிறவருக்கு ஒரு வாரம் கொடுக்க முடியாதா?