‘பத்தொன்பது நிமிடங்கள்’: ஒரு நாவலும் அதன் வாசகரும்

ஒரே கதாபாத்திரத்தைக் கண்டு ஒரு வாசகர் இரங்க, மற்றொருவர் அவ்விரக்கத்தையே குற்றமெனச் சினப்பாராயின், அந்நூல் உண்மையானதொரு நோவைத் தொட்டுவிட்டது என்பது தெளிவு. அமெரிக்க நாவலாசிரியை ஜோடி பிக்கோ 2007ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியிட்ட ‘பத்தொன்பது நிமிடங்கள்’ அத்தகைய நூலாகும்.

1999 ஏப்பிரல் 20ஆந் திகதி கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் உயர்நிலைப் பாடசாலையில் நிகழ்ந்த படுகொலையை அந்நாட்டார் மறந்திலர். நாவல் வெளிவந்த அடுத்த மாதமே வேர்ஜீனியா தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகவே, நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற இந்நாவலை வெறுங் கதையாக வாசித்தல் பலருக்கு இயலாததாயிற்று.

நியூ ஹம்ஷயர் மாநிலத்தில் ஸ்ரேர்லிங் என்னுங் கற்பனை ஊர் கதைக்களமாகும். பதினேழு வயதினனாகிய பீற்றர் தன் பாடசாலையிற் புகுந்து பத்துப் பேரைக் கொல்கிறான். பத்தொன்பது பேரைக் காயப்படுத்துகிறான். ஆசிரியை கொலைநாளிலிருந்து பின்னோக்கியும் முன்னோக்கியும் மாறிமாறிச் செல்கிறார். பாலர் வகுப்பின் முதல் நாளிலேயே பேருந்தின் யன்னலூடாக எறியப்பட்ட உணவுப்பெட்டி முதலாக, அச்சிறுவன் பட்ட அவமானங்கள் ஒவ்வொன்றாய் விரிகின்றன.

இங்கேதான் வாசகர் பிரிகின்றனர். துன்புறுத்தப்படும் பிள்ளையின் உள்ளத்தை இந்நூல் திறந்து காட்டிற்று என்பர் ஒரு சாரார். கொலைஞனுக்காக வழக்காடுகிறது என்பர் மற்றொரு சாரார். நோயின் காரணத்தை ஆராயும் மருத்துவன் நோய்க்கு நண்பன் அல்லன். காரணங் காட்டுதல் வேறு, நியாயங் காட்டுதல் வேறு. நாவலில் நீதிமன்றம் பீற்றரைக் குற்றவாளியெனவே காண்கிறது. மருத்துவிச்சியாகிய அவன் தாய், தான் எங்கே தவறினாள் என்று தேடித் தேடியும் முடிவான விடை பெறுகின்றாளில்லை. அவமானப்பட்டோர் யாவரும் ஆயுதம் ஏந்துவதில்லை என்னும் உண்மையை நூல் மறைக்கவுமில்லை.

எனினும் இக்குற்றச்சாட்டை முற்றாகத் தள்ளிவிடல் பொருந்தாது. பீற்றரின் வாழ்வைப் பிறப்பிலிருந்தே அறிகிறோம்; இறந்தவருட் பெரும்பாலோரைப் பெயரளவிலும் சிறு காட்சிகளிலுமே அறிகிறோம். வாசகரின் மனக்குறைக்கு மூலம் இதுவே. கொலைஞன்மீது காட்டிய பரிவு மிகையன்று. கொல்லப்பட்டோர்க்கு அளித்த உயிர்த்துடிப்பே குறைவாகும். ஆசிரியையின் இரக்கத்தைப் பழிப்போர் உண்மையிற் பழிக்க வேண்டுவது இச்சமனின்மையையே.

முடிவைப் பற்றியும் கருத்து வேற்றுமை உண்டு. பீற்றரின் பாலியத் தோழியாகிய ஜோசி, பின்னர் செல்வாக்குள்ள மாணவர் கூட்டத்தைச் சேர்ந்தவள். தன் காதலனை முதலிற் சுட்டவள் அவளே என்பது வழக்கின் இறுதியில் வெளியாகிறது. இது விறுவிறுப்புக்காகச் செய்த தந்திரம் எனப் பலர் வெறுத்தனர். வெளிப்படும் முறை நாடகத்தன்மை உடையதே; ஆயின் அடிப்படை முன்னரே இடப்பட்டுள்ளது. அக்காதலன் அவளைத் துன்புறுத்தியமை பல இடங்களிற் கூறப்படுகிறது. உள்ளே இருப்போரும் வெளியே தள்ளப்பட்டோரும் ஒரே அச்சத்தில் வாழ்கின்றனர் என்பதே இம்முடிவின் பொருள். அதனை ஏற்றால், பீற்றரைத் தனியொரு விகாரமாகக் கருதி மனவமைதி அடைதல் எவர்க்கும் எளிதாகாது.

இந்நூலுக்குப் பிற்காலத்தில் வாய்த்த கதி விசித்திரமானது. 2023–24 கல்வியாண்டில் அமெரிக்கப் பாடசாலைகளில் மிகுதியாகத் தடைசெய்யப்பட்ட நூல் இதுவெனப் பென் அமெரிக்கா அமைப்புக் கணித்தது. ஆட்சேபத்துக்கு இலக்கானது துப்பாக்கியன்று. ஜோசி காதலனால் வன்முறைக்குள்ளாகும் பகுதியே. அவளது செயலுக்கு அடிப்படையான அப்பகுதியை நீக்கினால், முடிவு மெய்யாகவே வெறுந் தந்திரமாகிவிடும்.

கலையளவில் இந்நாவல் குறையற்றதன்று. பல இடங்களில் நிகழ்ச்சிகள் வேண்டுமென்றே ஒழுங்குபடுத்தப்பட்டன போல் அமைகின்றன. ஆயினும், “நீயே எதிர்த்து நில்” என்று சிறு பிள்ளையிடமே பாரத்தை ஏற்றிவிட்டு விலகும் பெரியோரை இது காட்டும் பகுதிகள் எளிதில் மறக்கற்பாலன அல்ல. பத்தொன்பது நிமிடங்களில் நிகழ்ந்ததைக் கண்டு யாவரும் அதிர்ந்தனர். அதற்கு முந்திய பன்னிரண்டு பாடசாலை ஆண்டுகளைக் கண்டவர் எவர் என்பதே நாவல் எழுப்பும் வினா. கற்பிப்போரும் கற்போரும் அவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.